பவுனம்மா வீட்டு வழியாகப் போன பஸ்

மாநகரத்தின் பஸ்ஸும் மின்சார ரயிலும் மெட்ரோவும் ஒரே டிக்கெட்டில் ஓடத் தொடங்கிய ஆனி மாதத்துத் திங்கட்கிழமை காலை ஆறு பத்துக்கு, புத்தொளி நகர் பதினேழாம் பிளாக் மூன்றாம் மாடியில் பவுனம்மா வீட்டுக் கிழக்குச் சுவர் வழியாக 83எச் பஸ் உள்ளே வந்து ஹாலில் நின்றது.

சுவர் இடியவில்லை, ஒரு கீறலும் விடவில்லை. குடத்துத் தண்ணீருக்குள் கை போவதுபோலத்தான் பஸ் சுவருக்குள் புகுந்து இந்தப் பக்கம் வந்தது. பத்துக்குப் பத்து ஹாலில் முப்பத்தாறு அடி பஸ் எப்படி நின்றது என்று அன்றைக்கும் யாரும் அளக்கவில்லை, பிறகும் அளக்கவில்லை. கல்யாண வீட்டில் பத்துப் பேர் படுக்கிற இடத்தில் நாற்பது பேர் படுத்து எழுந்திருப்பதில்லையா, அப்படி நின்றது. பவுனம்மா இரண்டாவது ஈடு இட்லியை இறக்கிக்கொண்டிருந்தாள். அடுப்பைத் தணித்து, ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு வந்து, தரையில் காயப்போட்டிருந்த மிளகாய் முறத்தைச் சக்கரத்துக்கு எட்டாமல் நகர்த்தி வைத்தாள்.

டிரைவர் வேதமுத்து ஜன்னல் வழியே தலையை நீட்டினார். "அக்கா, ரயிலடிக்குப் போறவங்க யாராச்சும் இருக்காங்களா?"

"என் பொண்ணு டவுன்ல ஒரு வேலையாப் போவணும். தலை பின்னிக்கிட்டிருக்கா. ரெண்டு நிமிஷம் நிக்குமா?"

"நிக்கும்கா. ரயில் ஆறரைக்குத்தான்."

யுவராணி ஒரு பக்கம் பின்னல் போட்டும் மறு பக்கம் போடாமலும் ஓடிவந்து ஏறினாள். பஸ் சமையலறை வழியாக, கேஸ் அடுப்பையும் தண்ணீர் டிரம்மையும் அசைக்காமல், மேற்குச் சுவருக்குள் போய் மறைந்தது. பவுனம்மா பின்கட்டு ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தபோது அது மூன்றாம் மாடி உயரத்தில் வெறுங்காற்றில் ஊர்ந்து, சரிவில் இறங்குவதுபோல மெல்ல மெல்லத் தாழ்ந்து, கருவேலங்காட்டுக்கு அந்தப் பக்கம் தெரிந்த ரயில் நிலைய வாசலில் போய் நின்றது. அவள் திரும்பிவந்து மூன்றாவது ஈட்டுக்கு மாவு ஊற்றினாள்.

நான்கு வருஷத்துக்கு முன்னால், ஆற்றங்கரையில் குடிசை போட்டிருந்தவர்களையெல்லாம் லாரியில் ஏற்றி நகரத்துக்கு வெளியே கொண்டுவந்து, இருபத்து நான்கு பிளாக்குகளில், ஒவ்வொன்றுக்கும் தொண்ணூற்றாறு வீடு என்று குடிவைத்தார்கள். வீடு சுவரும் கூரையுமாக நன்றாகத்தான் இருந்தது. பஸ்தான் இல்லை. மெயின் ரோடு ஒரு பக்கம் மூன்றரை கிலோமீட்டர், ரயில் நிலையம் மறு பக்கம் கூப்பிடு தூரத்தில் இருந்தும், நடுவில் கருவேலங்காடு, போக வழி கிடையாது. வேலைக்குப் போனவர்கள் வேலையை விட்டார்கள், படித்த பிள்ளைகள் படிப்பை விட்டார்கள். நர்சிங் இரண்டாம் வருஷம் படித்துக்கொண்டிருந்த யுவராணி, காலை எட்டு மணி வகுப்புக்குப் பத்து மணிக்குப் போய்ப் போய், வருகை குறைந்து, கடைசியில் புத்தகங்களைப் பரண்மேல் போட்டுவிட்டாள். கணவனை இழந்த பவுனம்மா வீட்டிலேயே இட்லி சுட்டு பிளாக் பிள்ளைகளுக்கு விற்று வயிற்றைக் கழுவினாள். பஸ் விடச் சொல்லி எழுதிய மனுக்களுக்குக் கணக்கில்லை. புத்தொளி நகர் என்று ஓர் இடம் தங்கள் பதிவில் இல்லை என்றே ஒவ்வொரு முறையும் பதில் வந்தது.

அது உண்மையாகவும் இருந்தது. ஒரே வீட்டில் மூன்று அடுப்பு வைத்து முகம் பார்க்காமல் வாழ்ந்த அண்ணன் தம்பிகள் மாதிரி அதுவரை தனித்தனியே ஓடிக்கொண்டிருந்த பஸ்ஸையும் ரயிலையும் மெட்ரோவையும் ஒன்றாகச் சேர்க்க, ஒரு பெரிய வரைபடத்தைப் போட்டு உட்கார்ந்தவர்கள், ரொம்பப் பழைய வரைபடத்தை எடுத்துப் போட்டிருந்தார்கள். அதில் இருபத்து நான்கு பிளாக்கும் இல்லை. ஏரிப் புறம்போக்கு என்று நாலு நீலக் கோடு மட்டும் இருந்தது. வெறும் இடம்தானே என்று மெயின் ரோட்டிலிருந்து ரயில் நிலையத்துக்கு ஸ்கேல் வைத்து நேராக ஒரு கோடு இழுத்தார்கள். பின்னாளில் பாலம் கட்டலாம் என்று யாரோ அந்தக் கோட்டின் ஓரத்தில் 'உயர்மட்டம்' என்றும் எழுதிவைத்தார்கள். கோடு எங்கே போகிறதோ அங்கேதான் பஸ்ஸும் போகும். அது பதினேழாம் பிளாக் மூன்றாம் மாடியில், பவுனம்மாவின் ஹாலுக்கும் சமையலறைக்கும் குறுக்கே போனது.

மறுநாள் காலை மூன்றாம் மாடி நடையில் பதினோரு பேர் நின்றார்கள். அதற்கு மறுநாள் வரிசை இரண்டாம் மாடி வளைவு வரைக்கும் இறங்கியது. ஒரு வாரத்தில் அது கீழ்ப்படியைத் தொட்டு, மோட்டார் ரூமைச் சுற்றிக்கொண்டு மைதானத்துக்குப் போய்விட்டது. லிப்ட் வந்த நாளிலிருந்தே வேலை செய்யவில்லை, ஆகவே எல்லாரும் படியேறித்தான் வந்தார்கள். வீட்டுக்குள் செருப்போடு வருவது எப்படி என்று முதல் நாள் ஒருத்தி கழற்றிக் கையில் எடுத்துக்கொள்ள, அதுவே வழக்கமாகிப்போனது. பூட்ஸ் போட்ட செக்யூரிட்டிக்காரர்களும் ஹை ஹீல்ஸ் போட்ட துணிக்கடைப் பெண்களும் ஒரு கையில் செருப்பும் ஒரு கையில் டிபன் டப்பாவுமாகப் பவுனம்மா வீட்டு வாசற்படியைத் தாண்டி பஸ்ஸில் ஏறி, உட்கார்ந்த பிறகு மாட்டிக்கொண்டார்கள். வேதமுத்துவும் கிழக்குச் சுவர் வந்ததும் செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலால்தான் பிரேக்கை மிதித்தார். ஆறு பத்து, ஏழரை, ஒன்பது இருபது என்று காலையில் மூன்று நடை. மாலையில் அதே பஸ் மேற்குச் சுவர் வழியாகத் திரும்பும்போது சமையலறைதான் முதலில் வரும் என்பதால், ஐந்தரைக்கும் ஆறே முக்காலுக்கும் டீசல் வாசனை சாம்பாரில் ஏறாமல் பவுனம்மா குண்டானைத் தட்டுப் போட்டு மூடிவைத்தாள்.

மனிதர்களுக்கு எதுவும் பழகிவிடும், பஸ்ஸுக்கும் பழகிவிட்டது. படியில் பீடி பிடிக்கக்கூடாது என்று பவுனம்மா சட்டம் போட்டாள், பிடிக்கவில்லை. பஸ் நிற்கிற இடத்தில் கோலம் போட்டால் சக்கரம் அழிக்குமா என்று பார்க்க மார்கழியில் ஒரு நாள் புள்ளி வைத்துப் பார்த்தாள், அழிக்கவில்லை. இரண்டாம் மாடியில் ஒரு சாவு விழுந்த அன்றைக்கு வேதமுத்து நாள் முழுக்க ஹாரன் அடிக்கவில்லை. பதினெட்டாம் பிளாக்காரர்கள் பொறாமையில் தங்கள் மூன்றாம் மாடிச் சுவரில் 'பஸ் நிற்கும்' என்று பெயின்ட்டால் எழுதிவைத்து மூன்று நாள் காத்திருந்துவிட்டு, நாலாம் நாள் இங்கேயே வந்து வரிசையில் நின்றார்கள். ஒரு தடவை யாரோ வளர்த்த ஆடு ஒன்று ஏறிப் போய், ரயிலும் மாறி, மெட்ரோ வாசலில் இருந்து திருப்பி அனுப்பப்பட்டு மாலை வண்டியில் பத்திரமாகத் திரும்பியது. யுவராணி மறுபடி கல்லூரியில் சேர்ந்தாள். பஸ் போய் நிற்கும்போது ரயில் நின்றது, ரயில் போய் நிற்கும்போது மெட்ரோ நின்றது, மூன்று மணி நேரப் பயணம் ஐம்பது நிமிஷமானது. அறிமுகமில்லாதவர்களும் அவளைக் கண்டால், "நீ பஸ் ஸ்டாப் அக்கா பொண்ணுதானே?" என்றார்கள்.

பஸ் ஸ்டாப் அக்கா. அந்தப் பெயர் பவுனம்மாவுக்குப் பிடித்திருந்தது. ஆற்றங்கரையில் அவள் இன்னாருடைய மனைவி, இங்கே வந்தபிறகு வீட்டு எண் முன்னூற்றுப் பதினொன்று. இப்போது இரண்டாயிரம் குடும்பம் அவள் கதவு திறப்பதற்காகக் காலையில் காத்து நின்றது. அவள் ஒரு நாளும் தாமதமாகத் திறக்கவில்லை, காய்ச்சலில் கிடந்த இரண்டு நாளும் சேர்த்து.

ஒரே ஒருத்தர் மட்டும் அந்தக் கதவைத் தாண்டவில்லை. தரைத்தள வீட்டில் டைலர் ரத்தினவேல். சின்ன வயதில் போலியோ வந்து இரண்டு காலும் சூம்பியவர். கையால் மிஷினைச் சுற்றி பிளாக்குக்கே ரவிக்கை தைத்தார். லைனிங் துணி எடுக்க டவுனுக்குப் போகவேண்டும் என்று அவர் ஒரு தடவை ஆசைப்பட்டபோது, நாலு இளவட்டங்கள் பிளாஸ்டிக் நாற்காலியோடு அவரைத் தூக்கிக்கொண்டு படியேறினார்கள். இரண்டாம் மாடி வளைவில் நாற்காலி சாய்ந்தது. வரிசையில் நின்றவர்கள் கைகொடுத்துப் பிடித்துவிட்டார்கள், அடி எதுவும் இல்லை. ஆனால் அவர் முகம் கறுத்துப்போனது.

"இறக்குங்கடா," என்றார். "மூட்டையா நானு? இறக்குங்க."

அதற்கப்புறம் அவர் கேட்கவில்லை. தினமும் காலையில் அவர் தலைக்கு மேலே மூன்று மாடி உயரத்தில் பஸ் வந்து நிற்கிற உறுமலை, மழை வராத இடியைக் கேட்பதுபோலக் கேட்டுக்கொண்டு, கழுத்துப் பட்டியை வெட்டினார்.

தை மாதம் ஒரு புதன்கிழமை ஒன்பது இருபது வண்டி, ஆள் ஏறுவதற்கு முன்னால் ஓர் ஆளை இறக்கியது. நரைத்த மீசை, கக்கத்தில் சுருட்டின வரைபடம், சட்டைப் பையில் கறுப்புப் பேனா. இறங்கியதும் வீட்டுக்குள் நிற்கிறோம் என்று புரிந்து அவசரமாகச் செருப்பைக் கழற்றினார். வரைபடப் பிரிவில் கோடு போடுகிற கனகசபை என்று தன்னை அறிமுகப்படுத்திக்கொண்டார். பவுனம்மா ஒரு தட்டில் நாலு இட்லி வைத்து நீட்டினாள். அவர் வேண்டாம் என்று சொல்லிவிட்டு நாலையும் சாப்பிட்டார்.

"அந்தக் கோட்டை நான்தாம்மா போட்டேன்," என்றார் கை கழுவிவிட்டு. "இங்க கட்டடம் இருக்குன்னு எனக்குத் தெரியாது. போன வாரம் ஒரு டிரைவர் லீவு லெட்டர்ல, முன்னூத்துப் பதினொண்ணு வீட்டுல இட்லி சாப்பிட்டது ஒத்துக்கலைன்னு எழுதியிருந்தார். ரூட்டுல ஏது வீடுன்னு தேடினேன். அப்பத்தான் தெரிஞ்சது."

"என் இட்லி யாருக்கும் ஒத்துக்காமப் போனதில்ல."

"அது லீவுக்குச் சொன்னதா இருக்கும்," என்று கனகசபை ஒப்புக்கொண்டார். வரைபடத்தைத் தரையில் விரித்து நான்கு மூலைக்கும் நான்கு டம்ளர் வைத்தார். பவுனம்மா பார்த்தாள். அவள் நான்கு வருஷம் வாழ்ந்த இடத்தில் நாலு நீலக் கோடு இருந்தது, அதைக் குத்திக்கொண்டு ஒரு சிவப்புக் கோடு போனது.

"இப்ப இன்னா பண்ணப் போறீங்க?"

"ரெண்டு வழி இருக்கு. ஒண்ணு, நான் இதைச் சுருட்டிக்கிட்டு வந்த வழியே போயிடறது. எனக்கு மேல இருக்கறவங்க யாரும் இவ்வளவு தூரம் குனிஞ்சு பார்க்க மாட்டாங்க. பஸ் உங்க வீட்டு வழியா ஓடிக்கிட்டே இருக்கும், வருஷக்கணக்கா. இன்னொண்ணு, இந்த இருபத்து நாலு பிளாக்கையும் வரைஞ்சிடறது. இங்க ஜனங்க இருக்காங்கன்னு ஆயிடும், ரேஷனுக்கோ பட்டாவுக்கோ போனாலும் வரைபடத்துல இல்லைன்னு யாரும் சொல்ல முடியாது. ஆனா கட்டடத்தை வரைஞ்ச உடனே சுவர் சுவராயிடும். அது வழியா பஸ் வராது."

"அப்ப எங்களுக்குப் பஸ்ஸு?"

"கீழ ஒரு ரோடு போட்டு அதுல ஒரு ஸ்டாப் வரையலாம். வரையற அதிகாரம் எனக்கு இருக்கு. இங்க குடியிருக்கிற ஒருத்தர் கையெழுத்துப் போடணும், அவ்வளவுதான். நீங்களே போடலாம்."

பவுனம்மா சுவரைப் பார்த்தாள். ஏழு மாதமாக அவள் வீட்டுக்கு ஊரே வந்துபோயிருந்தது. யார் வீட்டில் யாருக்கு நிச்சயம், யாருக்கு எந்த மாதம் பிரசவம், எவன் வேலையை விட்டான் என்பதெல்லாம் அவள் காதுக்குத்தான் முதலில் வந்தது. நாளைக்குச் சுவர் சுவரானால் யார் அவள் வீட்டுப் படியேறுவார்கள்? இருக்கிறதை ஏன் கலைக்கவேண்டும், இந்த ஆளைச் சுருட்டிக்கொண்டு போகச் சொல்லிவிடலாம் என்று நாக்கு நுனி வரைக்கும் வந்தது.

"கொஞ்சம் இருங்க சார்," என்று சொல்லிவிட்டு அவள் படியிறங்கிப் போனாள்.

ரத்தினவேல் ஊக்கு தைத்துக்கொண்டிருந்தார்.

"அண்ணே, பஸ்ஸு தரைக்கு வந்தா ஏறுவியா?"

"தரைக்கு வந்தா ஏன் ஏறமாட்டேன்? கையை ஊனி ஏறிடுவேன்." ஊசியை நிறுத்திவிட்டு அவளை நிமிர்ந்து பார்த்தார். "ஆனா தரைக்கு வந்தா உன் வூட்டுக்கு வராதே பவுனு."

"அது என் பாடு. நீ ஏறுவியா மாட்டியா, அதைச் சொல்லு."

அவர் நூலைப் பல்லால் கடித்து அறுத்தார். "ஏறுவேன்," என்றார்.

பவுனம்மா மேலே வந்தபோது கனகசபை பேனாவைத் திறந்து கட்டடத்தின் முதல் மூலைக்குக் குறி வைத்துக்கொண்டிருந்தார். அவள் பேனா மேலேயே கையை வைத்துவிட்டாள்.

"இப்ப வேணாம் சார். காலையில போனவங்க அத்தனை பேரும் சாயங்காலம் இது வழியாத்தான் திரும்பி வரணும். கடைசி வண்டி போனப்புறம் வரையுங்க."

"ஆறே முக்கால் வரைக்கும் நான் என்ன பண்றது?"

"மத்தியானச் சாப்பாடு இங்கயே. இன்னொண்ணு. முதல்ல ஸ்டாப்பைப் போடுங்க. அப்புறம்தான் கட்டடம்."

"ரெண்டும் ஒண்ணுதானேம்மா."

"உங்களுக்கு ஒண்ணு. கட்டடத்தைப் போட்டப்புறம் பேனாவுல மை தீந்துபோச்சுன்னு வையுங்க, எங்களுக்குச் சுவரும் போச்சு, பஸ்ஸும் போச்சு. முதல்ல ஸ்டாப்பு."

கனகசபை முப்பது வருஷமாகக் கோடு போடுகிறவர். எதை முதலில் போடவேண்டும் என்று அவரிடம் யாரும் சொன்னதில்லை. சிரித்துவிட்டார். "சரி. முதல்ல ஸ்டாப்."

"ஸ்டாப்புக்கு நிழற்குடை."

"சரி."

"படிக்கட்டு உசரமில்லாம, நடைபாதை பஸ் படிக்குச் சரியா இருக்கணும். எங்க டைலர் ஏறணும்."

"சரிம்மா."

"லிப்டு?"

"லிப்ட் என் டிபார்ட்மென்ட் இல்லம்மா," என்றார் அவர், உண்மையான வருத்தத்தோடு.

சேதி மாடிக்கு மாடி இறங்கி, பிளாக்குக்குப் பிளாக் தாண்டி, சாயங்காலத்துக்குள் நகர் முழுக்கப் பரவிவிட்டது. பவுனம்மாவைத் திட்டியவர்களும் உண்டு. கையில் இருப்பதை விட்டுவிட்டு காகிதத்தை நம்புகிறாளே என்று முதல் மாடிக்காரர் படியில் நின்று கத்தினார். அவள் கனகசபைக்கு இரண்டாம் முறை ரசம் ஊற்றினாள். ஆறே முக்கால் வண்டி சமையலறை வழியாக வந்து நின்று எல்லாரையும் இறக்கியது. யுவராணியும் இறங்கினாள். வேதமுத்து விஷயம் கேட்டு, வெறுங்காலோடு இறங்கி வந்து, குடிக்கத் தண்ணீர் வாங்கிக் குடித்து, கிழக்குச் சுவரை உள்ளங்கையால் ஒரு தடவை தடவிவிட்டு ஏறிக்கொண்டார். பஸ் போனது. நடையெல்லாம், படியெல்லாம் ஆள் நிற்க, கனகசபை முழங்கால் போட்டு உட்கார்ந்து, மெயின் ரோட்டிலிருந்து பிளாக்குகளுக்கு முன்னால் ரயிலடி வரைக்கும் ஒரு ரோடு இழுத்து, அதன்மேல் கறுப்பாக ஒரு புள்ளி வைத்தார்; புள்ளிமேல் சின்னதாக ஒரு குடை வரைந்தார். அப்புறம் கட்டடங்கள். ஒன்று, இரண்டு என்று இருபத்து நான்கு. பதினேழாவதன் நான்காவது பக்கம் மூடியபோது சுவருக்குள்ளிருந்து, யாரோ விரல் மடக்கித் தட்டியதுபோல ஒரே ஒரு சத்தம் கேட்டது. பவுனம்மா எழுந்து போய்ச் சுவரில் கை வைத்துப் பார்த்தாள். சிமென்ட் கரகரவென்று இருந்தது. திரும்பிவந்து, எழுத்துக் கூட்டித் தன் பெயரை எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

மறுநாள் காலை ஆறு மணிக்கு அவள் வீட்டில் யாரும் இல்லை. எல்லாரும் கீழே ரோட்டில் நின்றார்கள். அந்த ரோடு ராத்திரியோடு ராத்திரியாக வந்திருந்தது, கறுப்பாக, இன்னும் சூடு ஆறாமல்; நடைபாதையும் வந்திருந்தது, குடையும் வந்திருந்தது. பஸ்தான் வரவேண்டும். ஆறு ஐந்து ஆயிற்று. ஆறு பத்து ஆயிற்று. முதல் மாடிக்காரர் பவுனம்மாவை ஒரு பார்வை பார்த்தார். அவள் புடவைத் தலைப்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, மெயின் ரோட்டுப் பக்கமிருந்து கண்ணை எடுக்காமல், கனகசபை வைத்த அந்தக் கறுப்புப் புள்ளியை மனசுக்குள் ஒரு தடவை பார்த்துக்கொண்டாள். நல்ல அழுத்தமாகத்தான் வைத்தார்.

ஆறு பதினொன்றுக்கு 83எச் வளைவில் திரும்பி, நாலு சக்கரமும் தரையில் பதிய வந்து, நடைபாதையை ஒட்டி நின்றது.

யாரும் ஏறவில்லை. கூட்டம் தானாக இரண்டாகப் பிரிந்து வழி விட்டது. ரத்தினவேல் புதுச் சட்டை போட்டிருந்தார். இரண்டு கையையும் தரையில் ஊன்றி, நடைபாதையிலிருந்து பஸ்ஸுக்குள் உடம்பைத் தள்ளி, கம்பியைப் பிடித்து எழும்பி, டிரைவருக்குப் பின்னால் ஜன்னலோரச் சீட்டில் உட்கார்ந்தார். யாரும் கைகொடுக்கவில்லை, அவரும் கேட்கவில்லை. அதற்கப்புறம்தான் மற்றவர்கள் திமுதிமுவென்று ஏறினார்கள்.

பவுனம்மா கடைசியாக ஏறினாள். இத்தனை மாதத்தில் அவள் அந்தப் பஸ்ஸில் ஏறியதே இல்லை. கதவு திறந்துவிட ஓர் ஆள் வீட்டில் இருக்கவேண்டியிருந்தது. இட்லிப் பானையை அடுப்பிலிருந்து இறக்கிவைத்துவிட்டு வந்திருந்தாள், சாவி இடுப்பில் இருந்தது.

கண்டக்டர் ரத்தினவேலிடம் வந்தார். "எங்கண்ணே?"

ரத்தினவேல் அதை யோசித்திருக்கவில்லை. "இது எங்கெல்லாம் போவுது?"

"இது ரயிலடி வரைக்கும். அதே டிக்கெட்டுல ரயிலு, அதே டிக்கெட்டுல மெட்ரோ. கடல்கரை வரைக்கும் போலாம், ஏர்போர்ட் வரைக்கும் போலாம். எங்க வேணும் சொல்லுங்க."

ரத்தினவேல் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். பிறகு பக்கத்தில் வந்து உட்கார்ந்த பவுனம்மாவைப் பார்த்தார். அவள் கண்டக்டர் பக்கம் இரண்டு விரலைக் காட்டினாள்.

"எது ரொம்பத் தூரமோ, அதுக்கு ரெண்டு குடு."